எட்டாவது எண்

புதிய ஆட்சி கூலியை நிர்ணயித்தும் பண்ணைகள் கொடுக்க மறுத்த காலம் அது. கூலி கேட்டதற்காக எங்கள் தெருவுக்கே வேலை இல்லை என்றானபோது, எட்டு ஆண்கள் மலேயாவுக்குக் கப்பலேறத் தீர்மானித்தார்கள். அறுவடைக்குப் போகும் ஆட்களின் கூட்டத்தை நடத்திவந்த அப்பாவே அந்தப் பயணத்துக்கும் தலைவர். ஆற்றைக் கடந்து கரையேறியதும் ஆளுக்கோர் எண்ணைச் சொல்லித் தலை எண்ணுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். அயல்நாட்டிலும் அது தவறக்கூடாது, காய்ச்சாத தண்ணீரைத் தொடக்கூடாது, எவரும் தனியே போகக்கூடாது என்று அப்பா கட்டளையிட்டார். அவர் ஒன்று, அம்மாவின் தம்பியான மாமா எட்டு.

மாமாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். நாகப்பட்டினத்தில் வாந்திபேதித் தடுப்பூசி போட்ட அன்று, மாமாவின் சீட்டுடன் அப்பாவே இரண்டாம் முறையும் வரிசையில் நின்று மறு கையை நீட்டிவிட்டார். வீங்கிய இரு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வீடு திரும்பியவரைக் கண்டு எல்லோரும் சிரித்தோம்.

“மச்சானுக்குப் போட்டா எனக்குப் போட்ட மாதிரிதானக்கா” என்றார் மாமா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “மருந்து அவரு ஒடம்புல இருந்தா ஒனக்கு ஏதுடா காவலு?”

“நான் பக்கத்துலயே இருக்கப்போறேன். அப்பறம் என்ன?” என்றார் அப்பா.

ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒரு கோடைப் பகலில் அவர்கள் திரும்பினார்கள். எட்டுப் பேரில் எழுதத் தெரிந்த ஒரே ஆளான அப்பாவின் கடிதத்தில் வரும் நாளைத் தவிர வேறொன்றும் இல்லை. மாமா வருகிறாரா என்று பார்த்துவர, மாமாவின் மனைவியான அத்தை என்னை ஆற்றுக்கு அனுப்பினாள். மூங்கில் புதருக்கு இப்பால் நின்றதால் எனக்கு ஆட்கள் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. வறண்ட ஆற்றைக் கடந்து ஏறியவர்கள் பழக்கம் மாறாமல் எண்ணினார்கள். ஏழுக்குப் பின் மணலில் கால் மாற்றி நிற்கும் ஓசை. பிறகு, “எட்டு.” கடைசி எழுத்தைச் சற்று இழுத்துச் சொல்லும் மாமாவின் குரல்.

திரும்பிப் பாராமல் ஓடினேன். “எட்டும் சொல்லிட்டாங்க அத்தை.”

அத்தை முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டாள். எட்டு இலைகள் போட்டாள்.

வாசலுக்கு ஏழு பேர் வந்தார்கள். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே மாமா வாந்திபேதியில் இறந்திருந்தார். அதை எழுத அப்பாவுக்குக் கை வரவில்லை. எட்டு என்று சொன்னது யாரென்று அம்மா கேட்டாள். தாங்கள் இல்லை என்று ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள். ஊசி போட்ட அன்று போலவே அப்பா இரு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அந்தக் கைகளில் இப்போது வீக்கம் எங்கே என்று நான் மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தேன்.