பெண் பார்க்க வந்த கம்பெனிகள்

முதல் நிராகரிப்பு வந்த அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற வீடு. உள்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கும். தெரிந்தேதான் அழுதேன்.

அக்கா கதவைத் தட்டினாள்.

"எத்தன பேரு பாத்தாங்க?"

"எங்க?"

"இண்டர்வியூலதான். எத்தன பேரு உக்காந்திருந்தாங்க?"

"மூணு பேரு."

"மாப்பிள்ளையோட அம்மா, அத்தை, தாய்மாமா. கணக்கு சரிதான். கேசரி குடுத்தியா?"

"என்னாக்கா பேசுற?"

"கேசரி குடுக்காம அனுப்பினா எப்படிடி ஒத்துக்குவாங்க? வெளிய வா. தண்ணி வீணாவுது."

வெளியே வந்து சிரித்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

இந்தக் கிண்டலைச் செய்ய எங்கள் வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அவளை ஐந்து குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயின. வந்தார்கள், தின்றார்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியாக வந்தவர்கள் நாள் குறிக்கும் வரை போனார்கள். பரிசத்துக்குச் சேலைகூட எடுத்தாயிற்று. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. அதன்பின் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோலா கெத்திலில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் குறைந்தது, ஆட்களையும் குறைத்தார்கள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நேர்காணலும் எங்களுக்குப் பெண் பார்க்கும் படலம்தான். மெர்கோங்கில் ஒரு கடையில் மேண்டரின் சீனம் தெரியுமா என்று கேட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். "பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேக்குறாங்க," என்றாள். அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். மேண்டரின் யாரிடம் பேச என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

இன்னொரு இடத்தில் இத்தனை மாதமாக ஏன் வேலை இல்லை என்று கேட்டார்கள். "பொண்ணுக்கு ஏன் இவ்ளோ நாளா தள்ளிப்போவுது, ஏதும் கொறையா?" என்று அக்கா அத்தைக் குரலில் இழுத்தாள். பிறகு, உங்களைவிடத் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. "செவப்பா ஒண்ணு கெடச்சிருச்சாம் லா," என்றாள்.

அம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

"சிரிங்கடி. சிரிச்சா வீடு கெடைக்குமா?"

அவர் கவலை வீடுதான். என் கவலையும் அதுதான். அப்பா இறந்த பிறகு அம்மா பெயரில்தான் இந்த வீடு இருந்தது. செம்பனைக்கு உரம் போடும் வேலை. அதிலிருந்து அவர் ஓய்வு பெற வேண்டிய ஆண்டு இது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வீடு. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருநாள் மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே, ஆண்டு முடிவில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டவுனில் வாடகை வீடு கேட்டால் முதலில் சம்பளச் சீட்டைக் காட்டு என்கிறார்கள். அக்காவுக்குக் கடையில் கையில்தான் சம்பளம், சீட்டு கிடையாது. ஆக, எனக்கு வேலை கிடைத்தால்தான் மூன்று பேருக்கும் கூரை. இது தெரிந்தும் எவனாவது 'விடாமுயற்சி வேண்டும்' என்று என்னிடம் சொன்னால் அடிக்க வேண்டும் போல இருக்கும். கைப்பேசி அதிரும்போதெல்லாம் ஓடிப்போய் எடுப்பேன். பாதி நேரம் அது ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

போன மாதம் சுங்கை பட்டாணியில் டயர் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இடத்துக்குப் போனேன். கணக்கெழுதும் வேலை. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அங்கேயும் மூன்று பேர். இரண்டு பெண்கள், ஓர் ஆள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அந்த ஆள் கடைசியில் மலாயில் கேட்டார்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லை."

"எப்போ பண்ணப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அக்கா அங்கே இருந்திருந்தால் தாய்மாமா நேராகவே கேட்டுவிட்டார் என்றிருப்பாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். போச்சு, வீடு போச்சு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

நின்றதும் கோபம் வந்தது. "நீங்க வேலை குடுக்கலைன்னா எனக்குத் தங்க வீடு இல்ல," என்றேன் மலாயில். "வீடு இல்லாதவள யாரும் கட்ட மாட்டாங்க. வேலை குடுத்தீங்கன்னா எனக்குக் கட்டிக்க நேரம் இருக்காது. ரெண்டுலயும் உங்களுக்கு நட்டமில்ல."

அந்த ஆள் எதையோ எழுதிக்கொண்டார். ஒரு பெண் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா மேசைமேல்தான் இருந்தது.

பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தேன். அக்காவிடம் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயி, வாயி. உங்கப்பன் வாயி," என்றார்.

அடுத்த வாரம் அவர்களிடமிருந்து வாட்ஸாப் வந்தது. முன்பு வேலை செய்த இடத்தில் என் மேலாளராக இருந்தவரின் எண்ணைக் கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டிவிட்டு, "அக்கம்பக்கம் விசாரிக்கிறாங்க," என்று நானே ஆரம்பித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர அனுப்பு. யார்கிட்டயும் சொல்லாத."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் ஒருமுறை சேலை எடுக்கும் வரை போனவள். எங்களிடம் இருந்த கிண்டலெல்லாம் மாட்டேன் என்று சொன்னவர்களைப் பற்றியதுதான். இன்னும் சொல்லாதவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. நிராகரிப்பு வந்த நாள்களில்கூட நான் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது சோறு இறங்கவில்லை.

நேற்று கிராணி மறுபடி வந்து, புது ஆள்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா முக்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினார். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற சட்டி.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"டயர்க்காரன் ஒத்துக்கிட்டான்னா கேசரி கிண்டணும். ஒத்துக்கலைன்னா மூட்டையில கட்டணும். எப்படியும் எறக்கித்தான ஆவணும்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் இருந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதில் சத்தம் வைத்திருக்கிறேனா என்று சரிபார்த்துவிட்டு, சட்டியைக் கழுவ எடுத்துப் போனேன்.