ஒரு சைஸ் சின்னச் சட்டை

சென்ற கிழமை சூரன் போர் பார்க்கப் பருத்தித்துறைக்குப் போயிருந்தேன். கொக்குவிலிலிருந்து பஸ் மாறி அவ்வளவு தூரம் போனது சூரனுக்காக அல்ல — என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் தர்ஷினியைப் பார்க்க. அவளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை கனடா.

வீதி நிறையச் சனம். சூரன் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறான். மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது. பக்கத்தில் நின்ற தர்ஷினி என் தோளைப் பிடித்தாள். அடுத்த நிமிடம் நிலத்தில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன.

நான் வாய் திறப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் கைகூப்பிவிட்டார்கள்.

"உரு வந்திட்டுது. ஒருத்தரும் தொடாதேங்கோ."

"பச்சைத் தண்ணியோடை விரதம் பிடிச்ச பிள்ளையெல்லே. முருகன் இறங்கீட்டார்."

ஒரு பெண் விபூதி பூசினார். இன்னொருவர் குனிந்து, தன் மகனுக்கு விசா சரிவருமா என்று அவளிடம் கேட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன்... அவரைத் தள்ளிவிட்டுத்தான் நான் ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க, கூட ஏறி வந்த அக்கா முருகனைக் கூப்பிட்டாள். நான் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிக்கொண்டு போனேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா?

கூறைச் சேலையும் அதற்குரிய சட்டையும் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது எங்கள் வழக்கம். தர்ஷினியின் அளவுச் சட்டை கனடாவுக்குப் போனது. மாப்பிள்ளையின் அக்காவிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. சிரிப்போடுதான் வந்தது.

"தர்ஷினி, நான் ஒரு சைஸ் சின்னனாத் தைக்கக் குடுத்திருக்கிறன். அதுக்குள்ளை நீங்கள் மெலிஞ்சிடுவியள்தானே. எங்கடை தம்பியோடை வீடியோவிலை நிக்கேக்கை வடிவா இருக்கோணும்."

அந்தத் தம்பியை நான் வீடியோ கோலில் பார்த்திருக்கிறேன். கதிரை நிரம்ப இருப்பார். அவருடைய கோட்டை யாராவது ஒரு சைஸ் குறைத்துத் தைத்தார்களா?

தர்ஷினி பாலர் பாடசாலை ரீச்சர். சொன்னதைச் செய்யும் பிள்ளை. யூடியூப்பைத் திறந்தாள். மாவுச்சத்துத்தான் மனிதனுக்கு எதிரி என்று அங்கே ஒருவர் சொன்னார். சோறு போயிற்று, பிட்டு போயிற்று, கோதுமைப் பாண் போயிற்று. காலையில் கோப்பிக்குள் ஒரு கட்டி பட்டர். அதற்கு மேல் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். மத்தியானம் பொரித்த மீனும் முட்டையும். அவள் அப்பா, என் அத்தான், கடலுக்குப் போகிறவர், வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. மிச்ச நேரமெல்லாம் பட்டினி — அதைக் கணக்கெடுக்க போனில் ஒரு ஆப். உடம்பு கொழுப்பை எரிக்கிறதா என்று சிறுநீரில் தோய்த்துப் பார்க்க ஒரு கடதாசித் துண்டு.

"உடம்பை ஹாக் பண்ணுறன் சித்தி" என்றாள்.

"உடம்பென்ன கொம்பியூட்டரே பிள்ளை?" என்றேன். சிரித்தாள். சிரிக்கும்போது கன்னம் குழி விழுந்தது. முன்பு அவளுக்குக் கன்னக்குழி இருந்ததில்லை.

எடை குறைந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பார்த்தவர்களெல்லாம் வடிவாகி விட்டாள் என்றார்கள்.

அந்த நேரம்தான் கந்தசஷ்டி வந்தது. அத்தான் பிடித்த மீன் கரையோடு விற்றுப் போனது. அந்த ஆறு நாளும் மீன், முட்டை வீட்டுப் படி ஏறாது. மற்றவர்கள் மத்தியானம் ஒரு நேரம் சோறும் மரக்கறியும் சாப்பிட்டார்கள், சிலர் பாலும் பழமும் எடுத்தார்கள். இவளுக்கோ சோறு எதிரி. வாழைப்பழம் எதிரி. பாலிலும் சீனி இருக்கிறதாம். பட்டர்க் கோப்பி விரதத்துக்கு ஆகாது. பிறகு என்ன மிச்சம்? தண்ணீர்தான்.

அக்காவுக்கு ஒரே பெருமை. கலியாணம் நல்லபடி நடக்க வேண்டுமென்று மகள் கடும் விரதம் பிடிக்கிறாள் என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். டயற் என்று சொல்லிச் சாப்பிடாமல் இருந்தால் எங்கள் ஊரில் பேச்சு விழும். விரதம் என்றால் கும்பிடுவார்கள். கும்பிடுகிற பிள்ளையைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள்?

இரத்தத்தில் உப்புகள் எல்லாம் இறங்கிவிட்டன என்றார் டாக்டர். ஊசியும் சேலைனும் ஏற்றி ஒருவழியாக எழுப்பினார்கள். சில நாளில், இனி வழமைபோலச் சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அக்கா சோறு குழைத்துக்கொண்டு வந்தாள். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மா. சட்டை வரப்போகுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் பிழைத்த பிள்ளை, அப்போதும் சட்டைக்குப் பயப்படுகிறாள். அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன்.

அன்று பின்னேரம் கலியாணத் தரகர் வந்தார். தோடம்பழப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பெடியன் வீட்டிலை கொஞ்சம் யோசிக்கினம். பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் இருக்குதாம் எண்டு கதை போயிருக்கு. இந்தச் சம்பந்தம் வேண்டாமாம்."

சூரன் போரை வீடியோ எடுத்துக்கொண்டு நின்ற யாரோ, தர்ஷினி விழுந்ததையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கே உரு. கனடாவில் இறங்கும்போது வலிப்பு. மெலியச் சொன்ன அந்த அக்காதான் முதலில் பின்வாங்கினாராம். ஒரு போன் கோல் இல்லை, பிள்ளை எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தர்ஷினி அழவில்லை. சேலைன் ஏற்றிய தன் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தச் சட்டை இப்போது அவளுக்கு அளவாகவே இருந்திருக்கும்.

தரகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் சாய்ந்து, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. சுவிஸிலை ஒரு பெடியன் இருக்கிறார். பிள்ளை இப்ப நல்ல அளவாய் இருக்கிறா. உந்த மெலிவு போக முன்னம் ஒரு படம் எடுத்து வையுங்கோ."

தர்ஷினி மெதுவாக எழும்பி உட்கார்ந்தாள்.

"சித்தி, வெளியிலை கடையிலை பாண் இருக்குமே? பருப்பும் சம்பலும் வாங்குங்கோ."

"அரை றாத்தல், பாதிப் பாண், காணுமே பிள்ளை?"

தரகரின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"முழு றாத்தல்."