உறையாத இரத்தம்

அன்ட்றியா புளியந்தீவுப் பறங்கிக் குடும்பத்துப் பெண். ஒரு பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர். மாங்கேணி இறால் பண்ணையிலிருந்து சாக்கில் வரும் இறால் கோதைக் கழுவி, அமிலத்திலும் காரத்திலும் ஊறவைத்துக் கைற்றோசன் எடுப்பாள். கோதுக்குள் இருக்கும், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிதான் அது. இரத்தத்தில் அப்படியே சேர்த்தால் சீக்கிரம் உறையும். சல்பேற்றைக் கோத்துவிட்டாலோ குணம் தலைகீழாகும், உறையவிடாது. அப்படி உறையவிடாத தூளைச் செய்துபார்ப்பதுதான் கலாநிதி விஜிதரனின் ஆய்வு.

முதலில் செய்த தூள் சரிவரவில்லை. சல்பேற்றுப் போதவில்லை என்று மறுபடி தொடங்கினார்கள். அந்த நாட்களில் கோது நாற்றம் அவளுக்குக் குமட்டியது. யாரிடமும் சொல்லவில்லை.

சோதனைக்கு ஆய்வுகூடத்தவர்களே மாறிமாறி இரத்தம் கொடுப்பார்கள். இம்முறை அன்ட்றியாவின் முறை. இரத்தம் எடுக்கத் தாதியும் வந்துவிட்டார். அன்ட்றியா மாட்டேன் என்றாள். ஊசிக்குப் பயமோ என்று விஜிதரன் சிரித்தார். அவரை வெளியே கூப்பிட்டாள்.

"என்ட ரத்தத்தில ஏற்கனவே மருந்து இருக்கு, சேர். கட்டிபடாம இருக்க ஒவ்வொரு நாளும் வயித்தில ஊசி போடுறன். நான் பிள்ளைத்தாச்சி, மூணு மாசம்."

முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. நச்சுக்கொடியில் இரத்தம் கட்டியதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது போடும் ஊசிமருந்தும் சர்க்கரைச் சங்கிலிதான். பன்றிக்குடலிலிருந்து எடுத்து, சிறிதாக வெட்டியது. விசயம் கணவன் டெக்ஸ்டருக்கு மட்டும் தெரியும். இதுவும் நிலைக்காவிட்டால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல அவளால் முடியாது.

விஜிதரன் கண்ணாடிக் கதவூடாக உள்ளேயிருந்த அமிலப் போத்தல்களைப் பார்த்தார்.

"அப்ப நீங்க அமிலத்துக்குக் கிட்ட நிக்கப்படாது. இத முதலே சொல்லியிருக்கவேணும்."

வேலை போய்விடுமோ என்று அவள் பயந்தாள். போகவில்லை. அவர் அவளைக் கணினி வேலைக்கு மாற்றிவிட்டார். அன்று மாணவி நிஸ்மியா கை நீட்டினாள். தூள் போடாத குழாயில் இரத்தம் கட்டியாக இறுகியது. தூள் போட்டதைச் சரித்தபோது தண்ணீராக ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த அன்ட்றியா, தன்னையறியாமல் வயிற்றில் கைவைத்திருந்தாள்.

பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போய்விடக்கூடாதென்று வைத்தியர்கள் அதற்கு முதல்நாள் ஊசியை நிறுத்தினார்கள். பையன் பிறந்தான், நிறை குறைவு, ஆனால் சுகம். றயன் என்று பெயர் வைத்தார்கள். ஊசி போட்டதை இவ்வளவு காலம் மறைத்ததற்காக அன்ட்றியாவின் தாய் ஐறிஸ் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையைக் கையை விட்டு இறக்கவுமில்லை.

இறால் கோதுத் தூள் மருந்தாக இன்னும் எத்தனையோ சோதனை கிடக்கிறது. விடுமுறை முடிந்து அன்ட்றியா வேலைக்குத் திரும்பிவிட்டாள்.