மிஸி குணசுந்தரி எழுதிய பதில்

வாசலுக்கு இருபதடி முன்பே காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் குணசுந்தரி குரல் கொடுப்பாள். "பழனியாண்டி அண்ணே, மிஸி வந்திருக்கேன். நான் மட்டுந்தான். பசியாறிட்டீங்களா?" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவாள். கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் பழனியாண்டி பின்வாசல் வழியாகச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விடுவார். அப்புறம் அவரைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

மனநலப் பிரிவில் வீடு வீடாகப் போய் ஊசி போடும் தாதி அவள். திகாம் பத்துவைச் சுற்றியுள்ள பழைய தோட்ட லயங்களிலும் புதிய அடுக்குமாடிகளிலும் பதினேழு வருடமாக அவளை மிஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உச்சி வெயிலிலும் வெள்ளைச் சீருடையின் மேல் ஒரு பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொள்வாள். "வெள்ள உடுப்பப் பாத்துட்டா அக்கம்பக்கத்துக்கு அன்னிக்கு வேற பேச்சே கெடையாதுலா" என்பாள்.

நோயாளியிடம் அவள் முதலில் கேட்பது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பது. கருவாட்டுக் குழம்பு என்று பதில் வந்தால் நிம்மதி. குழம்பில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று வந்தால், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஊசி ஏறும்போது மலாயில் மெதுவாக எண்ணுவாள்: சத்து, டுவா, தீகா. பத்துவரை போனதே இல்லை. "பத்துக்குள்ள முடிச்சிருவேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்பாள்.

பிரிவில் தாதிகள் நான்கு பேர் இருக்க வேண்டும். ஒருத்தி மாற்றலாகிப் போனாள், இன்னொருத்தி வேலையை விட்டாள். ஒன்றரை வருடமாகியும் அந்த இடங்களுக்கு ஆள் வரவில்லை. வீடுகள் மட்டும் குறையவில்லை. மிச்சம் இருப்பது குணசுந்தரியும், இளையவளான சுபாஷினியும்தான்.

போன வருடக் கடைசியில் தன்னிடம் ஏதோ மாறிவிட்டதை குணசுந்தரி கண்டுகொண்டாள். ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தியவள், இறங்க மனமில்லாமல் கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். இன்னொரு வீட்டில் ஒரு தாய் மகனை நினைத்துக் கதறிக்கொண்டிருந்தாள். குணசுந்தரியின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மனதில் ஒன்றுமே அசையவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிரிவுத் தலைவர் லோகேஸ்வரனிடம் நேரே போய்ச் சொன்னாள். "சார், நான் காஞ்சு போயிட்டேன். ஒரே ஒரு ஆளாச்சும் குடுங்க."

ஆள் வரவில்லை. ஒரு கேள்வித்தாள் வந்தது. வேலையில் உற்சாகமாக இருக்கிறீர்களா, காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும். பின்னாலேயே ஒரு கடிதமும் வந்தது. அலோர் ஸ்டாரில் ஒரு ஹோட்டலில், திங்களும் செவ்வாயும், ஊழியர் மனநலப் பட்டறை. வருகை கட்டாயம்.

அந்தத் திங்கள்கிழமைதான் பழனியாண்டிக்கு ஊசி. ஆள் பற்றாக்குறையால் ஏற்கெனவே பத்து நாள் தள்ளிப் போயிருந்தது.

"அந்த ஒரு வீட்டுக்குப் போயிட்டு மத்தியானம் வந்துர்றேன் சார்."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போவுது சிஸ்டர்? பேர் குடுத்தாச்சு. வராட்டி மேல கேப்பாங்க."

போனாள். வாசலிலேயே ஒரு பிரம்புக் கூடையில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், மனதுக்கு ஓய்வாம். குளிரூட்டிய மண்டபத்தில் ஆளுக்கொரு மஞ்சள் பலூன். மனதில் உள்ள பாரத்தையெல்லாம் அதற்குள் ஊதுங்கள் என்றார் பேச வந்தவர். ஊதினார்கள். இப்போது உடையுங்கள் என்றார். உடைத்தார்கள். பக்கத்தில் இருந்த சுபாஷினி, "அக்கா, இதுக்கு நம்மள வீட்ல தூங்க விட்டுருக்கலாம்லா" என்று முணுமுணுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து கைப்பேசியை எடுத்தபோது பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் பழனியாண்டியின் தங்கை அழகம்மாவிடமிருந்து. அவள் கூலிம் தொழிற்சாலையில் காலை ஷிப்டில் இருப்பவள். குணசுந்தரி திருப்பிக் கூப்பிட்டாள். "மிஸி, அண்ணன அடிச்சுட்டாங்க மிஸி" என்று அழகம்மா அலறினாள்.

நடந்தது இதுதான். பால் நிறுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று பழனியாண்டிக்குக் காதில் கேட்டிருக்கிறது. அவர் ஒரு காலத்தில் பால் எடுத்த தோட்டத்தில் ரப்பர் மரங்களையே வெட்டி இருபது வருடம் ஆகிறது. இரண்டு காலி வாளிகளைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை நடந்தவர், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டுக்குள் நுழைந்து தராசைத் தேடினார். திருடன் என்று நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள்.

குணசுந்தரி பட்டறைக்குத் திரும்பவில்லை. மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பழனியாண்டியின் புருவத்தில் தையல் போட்டு முடித்திருந்தார்கள், ஏழு தையல். ஒரு கண் முழுதாக மூடிக்கிடந்தது. குரலை வைத்தே அவளைக் கண்டுகொண்டார்.

"நான் திருடல மிஸி. பால் நிறுக்கத்தான் போனேன். வாளியப் பாத்தாங்களே, வாளி காலியாத்தானே இருந்துச்சு?"

"தெரியும்ண்ணே. எனக்குத் தெரியும்."

கார் நிறுத்துமிடத்தில் நின்று அவள் அழுதாள். பல மாதமாகச் செத்துக்கிடந்த ஒன்று உள்ளே புரண்டு எழுந்தது. எழுந்தது துக்கமாக மட்டும் இல்லை.

பழனியாண்டி மூன்று வாரம் வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அதற்குள் குணசுந்தரியின் மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று, பட்டறை வெற்றிகரமாக நடந்ததாகவும் ஊழியர்கள் புத்துணர்ச்சி பெற்றதாகவும் சொன்ன சுற்றறிக்கை. மற்றது அவள் பெயருக்கே வந்தது: நோயாளிக்கு ஊசி தாமதமானது ஏன், பட்டறையிலிருந்து பாதியில் வெளியேறியது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.

அவளுக்கு ஏழு நாள் தேவைப்படவில்லை. அன்றே மலாயில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். ஊசி போட ஆள் இல்லை. நான்கு பேரின் வேலையை ஒன்றரை வருடமாக இரண்டு பேர் செய்கிறோம். அந்த இரண்டு பேரையும் அன்றைக்கு நிர்வாகம் பலூன் ஊத அழைத்துப் போயிருந்தது. அடிபட்ட என் நோயாளியைப் பார்க்கவே நான் வெளியேறினேன்.

மறுநாள் காலை லோகேஸ்வரன் அவளை அறைக்குள் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல; அவருக்கும் மேலே ஆள் உண்டு. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சிஸ்டர், மத்ததெல்லாம் இருக்கட்டும். இந்த மூணாவது வரிய மட்டும் எடுத்துருங்களேன். இத மேல அனுப்புனா உங்களுக்குத்தான் பிரச்சினை."

"அதுல எது சார் பொய்?"

"பொய்யின்னு நான் சொல்லல. கொஞ்சம் பதமா எழுதலாம்லா."

காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

குணசுந்தரி பேனாவை வாங்கிக்கொண்டாள். குனிந்து, மூன்றாவது வரியின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். ஒரு கணம் பார்த்தாள். போதாது என்று தோன்றியது. அதன் கீழே இன்னொரு கோடு போட்டுவிட்டு, காகிதத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.