கேஜர் ஆண்டியப்பன்

ஆண்டியப்பன் நடக்கும்போது இடுப்புக்கு மேலே எதுவும் அசையாது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழுக்கல் பாதையிலும் அப்படித்தான், ஹட்டன் சந்தை நெரிசலிலும் அப்படித்தான். நடை மெதுவென்று பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தால், "ஒடம்பு ஆடுனா பறவைக்குக் கோவம் வந்துரும்" என்பார். பறவை போய் எத்தனையோ வருடமாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் தொரை மூன்று வல்லூறுகள் வளர்த்தார். வேட்டைக்குப் புறப்பட்டால், அவற்றின் கண்களைத் தோல் குல்லாயால் மூடி, துணி சுற்றிய மரச்சட்டம் ஒன்றில் உட்கார வைப்பார்கள். சட்டத்தின் நடுவே நின்று, தோள்வாரில் அதைத் தாங்கிப் புல்வெளிக்குக் கொண்டுபோவது ஆண்டியப்பன் வேலை. தொரை அவரைக் 'கேஜர்' என்று அழைத்தார். சுதந்திரம் வந்த நாற்பத்தெட்டில் தொரை சீமைக்குக் கப்பலேறினார். பறவைகளை முன்னதாகவே பறக்கவிட்டுவிட்டார். ஆண்டியப்பன் கைக்கு மண்வெட்டி வந்தது. ஆனாலும் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புவார். கேஜர் என்றால் உடனே.

தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதிய வருடம் வம்பு வந்தது. தொழில் என்ற இடத்தில் கேஜர் என்றே போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் முத்துலிங்கம் சின்ன அகராதி ஒன்றைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். அதில் கேஜர் என்றால் இரந்து பிழைப்பவன் என்று போட்டிருந்ததாம். பிச்சைக்காரனுக்கு யார் பிரஜாவுரிமை கொடுப்பார்கள் என்று கேட்டு, தொழிலாளி என எழுதி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் சிரித்ததில், அவர் மனைவி வீரம்மா பாதிக் குடத்தோடு வீடு திரும்பினாள்.

மூன்றாம் நாள் ஆண்டியப்பன், தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் வந்தார்.

"எட்டு வருசம் சொமந்தேன் மாஸ்டர். அந்த மனுசன் என்னைய வஞ்சாரா, வேலையச் சொன்னாரா? அது மட்டும் தெரிஞ்சாப் போதுங்க."

ஹட்டனில் தெரிந்த ஒருவரிடம் தடித்த அகராதியை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஆண்டியப்பன் வீட்டிலேயே விரித்தேன். வேட்டைப் பறவைகளைச் சுமக்கும் சட்டத்துக்கு இங்கிலீஷில் 'கேஜ்' என்று பெயர்; கூண்டைச் சொல்லும் கேஜ் அல்ல, எழுத்து வேறு. அதைச் சுமப்பவன் கேஜர். பழைய வேட்டைக்காரர்களின் சொல். இரப்பவன் என்ற பொருளும் அடுத்த வரியில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அது வேற ஆளுங்க" என்றார் ஆண்டியப்பன்.

எந்த வரி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வீரம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். கொழுந்துக்கறை படிந்த அவள் விரலைப் பிடித்து மேல்வரியில் வைத்தார். கீழ்வரியைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.