உப்புப் பால் ஊற்றிய கிழங்கு

என் மாமனார் எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். என்னை, எதிர்வீட்டுக் குழந்தையை, நூல் கொண்டு வருகிறவரை, பரிசல்காரரை, ஏன், கொட்டகையில் நின்ற பசுவைக்கூட. பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவில் அவர் அப்படிக் கூப்பிடாத உயிர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் பெற்ற ஒரே பிள்ளை, என் வீட்டுக்காரர்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேலைக்குக் கிராக்கி இல்லாமல் தெருவில் பாதித் தறிகள் நின்றுபோயின. அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் சுமக்கப் போகிறேன் என்று கிளம்பிய மனிதர், அங்கே ஒரு இஞ்சினியர் துரையின் பங்களாவில் பாத்திரம் கழுவப் புகுந்து, இரண்டே வருஷத்தில் சமையல்காரராகிவிட்டார். சேதி வந்ததும் மாமனார் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர் அன்று முழுக்கச் சாப்பிட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தறி நாடாவைப் புடிச்ச கையில அகப்பையைப் புடிச்சுட்டான். எந்தெந்த இறைச்சியத் தொட்ட கையோ. இனி அவன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன், சொல்லிட்டேன் சாமி."

மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, என் வீட்டுக்காரர் திரும்பி வரும் வரை அத்தனை வருஷமும் வீட்டில் நானும் மாமனாரும் பசுவும்தான். எனக்கு அப்பா சிறு வயதிலேயே இல்லை. அந்தக் குறையை இந்த மனிதர்தான் தீர்த்துவைத்தார். நான் ராட்டையில் நூல் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருவார். அவ்வளவு இளகின மனசுக்காரர் பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிக் கல்லாகிப் போனார் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அணை கட்டி முடிந்தது. துரை கப்பலேறினார். என் வீட்டுக்காரர் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்து, அடுத்த நாளே தறிக்குழியில் இறங்கினார். மாமனார் போகச் சொல்லவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பேச வேண்டியது எதுவானாலும் நடுவில் நான் நிற்க வேண்டும்.

"உன்ற ஊட்டுக்காரங்கிட்டச் சொல்லு, கரை இழை அறுந்துருக்குதுன்னு."

அந்த ஊட்டுக்காரர் மூன்று முழத்துக்கு அப்பால்தான் உட்கார்ந்திருப்பார். அவர் காதிலும் விழும். இருந்தாலும் நான் ஒரு தரம் சொல்ல வேண்டும். சிரிப்பு வரும், அழுகையும் வரும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அதற்கும் இவர்தான் பொறுப்பு. "ஆத்தைக் கட்டுனவனுக்குச் சோறாக்கிப் போட்டா தண்ணி எப்படி வரும்?" என்று பசுவிடம் நியாயம் கேட்பார் மாமனார்.

இதற்கிடையில் மாமனாருக்குப் பல் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மிஞ்சியது. உருளைக்கிழங்கு என்றால் அவருக்கு உயிர். அது மலையிலிருந்து இறங்கி ஈரோட்டுச் சந்தைக்கு வரும். பரிசலேறிப் போய் வாங்கி வர வேண்டும். நான் மொறுமொறுவென்று வறுத்து வைப்பேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, நான் திரும்பும் நேரத்தில் இலைக்கு அடியில் தள்ளிவிடுவார். மோர்ச்சோறு மட்டுமே உள்ளே போயிற்று. தோள்பட்டை எலும்பு துருத்தத் தொடங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, நாளைக்குக் கெழங்கு நான் ஆக்கட்டுமா? தொரைக்குப் பல்வலி வந்த மாசம் பூரா அதத்தான் ஆக்கிப் போட்டேன். மெல்லவே வேண்டியதில்ல."

"உங்க கையால தண்ணி குடிக்க மாட்டேன்னவருங்க. கெழங்கு திம்பாருங்களா?"

"நீ ஆக்குனேன்னு சொல்லு."

நான் ரொம்ப யோசித்தேன். பொய் சொல்ல வேண்டியவள் நான், அதுவும் மாமனாரிடம். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் கையால் ஆக்கியதை அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், அப்புறம் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்றார். சரியென்றேன்.

மறுநாள் காலையில் மாமனார் பசுவை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். நான் ஒரு அடுப்பில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிண்ட, என் வீட்டுக்காரர் இன்னொரு அடுப்பைப் பிடித்துக்கொண்டார். கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்தார். கை சுடச்சுடத் தோலை உரித்தார். பிறகு சின்ன வெங்காயம் ஒரு முறம் நிறைய உரித்துக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்தார். ஒரு சேலை நெய்கிற கவனத்தோடு, ஒன்றுபோல ஒன்றாக, மெல்லிசு மெல்லிசாக அரிந்தார். நான் இரண்டு சோறும் கிண்டி முடித்த பிறகும் அரிந்துகொண்டிருந்தார்.

வாணலியில் வெண்ணெயை உருக்கி வெங்காயத்தைப் போட்டவர், எரிகிற விறகை எல்லாம் வெளியே இழுத்துவிட்டார். தணல் மட்டும். நான் வதக்கினால் நாலு புரட்டில் இறக்கிவிடுவேன். இவர் முக்கால் மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தார். வெங்காயம் முதலில் கண்ணாடிபோல ஆனது, பொன்னிறமானது, அதையும் தாண்டிக் காப்பிப்பொடி நிறத்துக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். வாணலியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தீஞ்சு போச்சுங்களே!"

"தீயலீங்க. இனிப்புங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"வெல்லம் போட்டீங்களா?"

"அதுலயே இருக்குதுங்க. அவசரப்படாம இருந்தா வெளிய வரும்."

அக்கா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஒரு நுனி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். கருப்பட்டிபோலக் கரைந்தது. இந்த மனிதரை மேட்டூரில் அத்தனை வருஷம் விட்டுவைத்தது என் தப்பு என்று தோன்றியது.

பிறகு கிழங்கை மத்தால் மசித்தார். கட்டி ஒன்றுகூட இல்லாமல் மசித்து, வெண்ணெய் போட்டு, இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு, பக்கத்தில் காய்ச்சி வைத்திருந்த பாலை எடுத்து மளமளவென்று ஊற்றினார்.

நான் கத்தியே விட்டேன். எங்கள் வீட்டில் பாலில் உப்புப் படக் கூடாது. பட்டால் பசுவின் மடி வற்றிப் போகும். மாமனார் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார். மோரில் உப்புப் போடலாம், தயிரில் போடலாம், பாலில் மட்டும் கூடாது. பால் சட்டி இருக்கிற பக்கம் உப்புச் சாடியைக்கூட வைக்கவிட மாட்டார். இவரும் இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் பங்களாவில் தினமும் ஊற்றி ஊற்றிக் கை பழகிவிட்டது.

"மறந்துட்டேம்புள்ள," என்றார், முகம் வெளுத்துப் போய். உடனே, "தொரை ஊட்டு மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார்.

"அது தொரை மாடுங்க. இது உங்க அப்பா மாடு!"

பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு, ஒரு தரம் சட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊற்றியதைத் திருப்பி எடுக்க முடியுமா? மாமனார் வந்து இலை முன் உட்கார்ந்தார். சோற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு கரண்டி வைத்து, அதன்மேல் அந்த வெங்காயத்தை அள்ளிப் போட்டேன்.

"என்ன சாமி இது, சுண்ணாம்பாட்டம்?"

"கெழங்குதானுங்க மாமா. புதுசா ஒரு மாதிரி ஆக்கினேனுங்க."

ஒரு வாய் எடுத்தார். வாயை மூடினார். மெல்லவில்லை, மெல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார். பிறகு வெங்காயத்தில் ஒரு இழையை மட்டும் விரலில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் கடுகு தாளிக்காததைத்தான் கவனிக்கிறார் என்று நினைத்தேன்.

"நல்லாருக்குது," என்றார். "இன்னொரு கரண்டி போடு சாமி."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். பொய்யும் சொல்லி, உப்புப் பாலும் ஊட்டியாயிற்று.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் "நான்" கிழங்கு ஆக்கினேன். மாமனாரின் தோள் மறுபடி கொஞ்சம் உருண்டது. ஒவ்வொரு தரமும் நான் பசுவின் மடியைப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

புரட்டாசியில் பால் குறைந்தது. ஒரு செம்பு அரைச் செம்பாகி, பத்து நாளில் கறந்தால் விரல்தான் வலித்தது.

அடுத்த நாள் காலையில் தெருவில் எங்கள் பாவு. தறியில் ஏற்றப்போகிற அந்த நீள நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, காய்வதற்குள் பெரிய பிரஷ்ஷால் நீவிவிட வேண்டும். பாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஒரே பிரஷ்ஷின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒரே நடையாக நடப்பார்கள். அப்பாவும் பிள்ளையும் பேசாவிட்டாலும் அந்த நடை மட்டும் பிசகாது. நான் கஞ்சிச் சட்டியோடு மாமனார் பக்கத்தில் நடந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். தெருவே இருந்தது.

"மாடு வத்திப் போச்சாமுங்களே மாமா?" என்று ஆரம்பித்தார். "வத்தாம என்னங்க பண்ணும்? ஆடிப் பதினெட்டுலயிருந்து உங்க ஊட்டுல உப்புக் கெழங்குல பாலை ஊத்திக்கிட்டிருக்கறாங்க. என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. ஆக்குனது உங்க மருமக இல்லீங்க, உங்க மகனுங்க!"

என் சட்டி சரிந்து கஞ்சி மண்ணில் சிந்தியது. என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். அவர் நின்றதால் பிரஷ் நின்றது, பிரஷ் நின்றதால் மாமனாரும் நின்றார்.

மாமனார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"மாடு ஏழு மாசச் செனை சாமி. ஏழு மாசச் செனையில பால் வத்தாம பொங்கி வழியுமா?"

உப்புக்குப் பயந்த பயத்தில் எனக்குச் சினை நினைவுக்கே வரவில்லை. அவர் மேலும் சொன்னார். "ஆக்குனது ஆருன்னு நீ வந்து சொல்லோணுமா? என்ற மருமக வெங்காயம் அரிஞ்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனமா இருக்கும். இது எல்லாம் ஒரே இழையா இருந்துச்சு. அது எங்கிட்ட நூல் புடிக்கப் பழகுன கையி. மொத வாயிலயே எனக்குத் தெரியும்."

அத்தனை வாரமும் தெரிந்தேதான் இலை முன் உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தேதான் இன்னொரு கரண்டி கேட்டிருக்கிறார். நானோ ஒரு பாவமும் அறியாத மனிதரை ஏமாற்றுகிறோமே என்று மனசுக்குள் உருகிக்கொண்டிருந்தேன். தெரு நடுவில் என் வெங்காயத்தைக் குறை சொன்ன கோபம் வேறு. கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்காத சாமி, கஞ்சி காயுது," என்றார் மாமனார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். பிறகுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பாவுக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷின் மறு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் வீட்டுக்காரர் இரண்டு கையும் பிரஷ்ஷில் இருந்ததால் முகத்தைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு, "வாரேனுங்கப்பா," என்று சொல்லி நடக்கத் தொடங்கினார்.