ஐந்தாவது கம்ப்யூட்டர்

சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், என் கடைக்கும் அருளானந்தம் அண்ணன் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். நான் போன் கவர், சார்ஜர் விற்கிறவன். அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். நான் தொழுகைக்குப் போனால் அவர் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வார். அவர் மாதா கோயில் பூசைக்குப் போனால் நான். பதினாறு வருடமாக இப்படித்தான். அவரைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல மனுஷர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

அவருக்கு ஒரு பிடிவாதம். பாட்டோ படமோ, காசு கொடுத்து வாங்கியதைத்தான் தொடுவார். ஒரு காலத்தில் எங்கள் மாடியிலேயே திருட்டு சிடியை அடுக்கடுக்காக வைத்து விற்றார்கள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். களவு செய்யாதே என்று பத்துக் கட்டளையில் இருக்கிறதாம். கொலை செய்யாதே என்றும்தான் இருக்கிறது, அதற்காக யாரும் கொசு அடிக்காமல் இருக்கிறார்களா என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார்.

பிற்பாடு எல்லாம் இணையத்துக்கு வந்ததும் பாட்டு, படம், மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வாங்கினார். அந்தக் கணக்கை ஐந்து கம்ப்யூட்டரில் திறக்கலாம். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, பாஸ்வேர்டு போட்டு, இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி உண்டு என்று சொல்ல வேண்டும். ஆறாவதுக்கு இடம் வேண்டுமானால், பழைய ஐந்தில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து அதன் அனுமதியை நீக்க வேண்டும். ஐந்தையும் ஒரேயடியாக நீக்குகிற பொத்தான் ஒன்று உண்டு. அதை வருடத்துக்கு ஒரு தடவைதான் அழுத்தலாம்.

கோயில் பாட்டை காப்பி பண்ணித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். காப்பி பண்ணுவது திருட்டு. ஆனால் கேட்டவர் வீட்டுக்கே போய், அவர்கள் கம்ப்யூட்டருக்குத் தன் கணக்கில் அனுமதி கொடுத்துவிட்டு வருவார். ஐந்து இடமும் தனக்குச் சொந்தம், சொந்தமானதைக் கொடுப்பது திருட்டாகாது என்பது அவர் நியாயம். அந்த நியாயம்தான் அவரைக் கவிழ்த்தது.

போன வருடம் டிசம்பர் 22ஆம் தேதி, கிறிஸ்துமஸ் பாட்டு வேண்டும் என்று கோயில் பாடகர் குழு கேட்டது. பொத்தானை அழுத்திப் பழைய அனுமதிகளை நீக்கிவிட்டு, ஐந்தையும் புதிதாகக் கொடுத்தார். ஒன்று அவர் வீட்டு லாப்டாப். ஒன்று கோயில் மண்டபத்துக் கம்ப்யூட்டர். ஒன்று குழுத் தலைவர் ஜூலியஸுக்கு. ஒன்று குழுவில் பாடுகிற செரினா என்ற பெண்ணுக்கு. ஐந்தாவது எனக்கு. மத்தியானத்தில் கடைக்கு ஆள் வராத நேரத்தில் படம் பார்க்க நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

அவர் மனைவி ரோசம்மா அக்காவுக்கு அதற்கு முன்பே நோய் வந்திருந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கிற நோய். பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்னதுமே அண்ணன் அதே கணக்கில் ஒரு மென்பொருள் வாங்கினார். அக்கா மூன்று மாதம் உட்கார்ந்து, அறுநூறு வாக்கியத்துக்கு மேல் தன் குரலிலேயே அதில் பதிந்தார். பேச்சு போன பிறகு ஒரு விரல் மட்டும் அசைந்தது. வீட்டு லாப்டாப் திரையில் பொத்தானைத் தொட்டால் அவர் குரல் பேசும். தண்ணீர் கேட்பார், ஃபேனைக் குறைக்கச் சொல்வார். நான் அவர்களுடைய புக்கிட் மேரா வீட்டுக்குப் போனால், "ஜமாலு வந்திருக்காரு, கோப்பி போடுங்க" என்று அழுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். சிரிப்பு முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் வரும்.

இந்த செப்டம்பரில் அந்த லாப்டாப்பின் போர்டு கருகிவிட்டது. மூன்று நாள் கடையில் வைத்துப் போராடினார். எத்தனை பேர் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்த கை, இதற்குக் கொடுக்க முடியவில்லை. அக்காவின் குரல் தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தது, ஆனால் அந்தக் கணக்கில் அனுமதி பெற்ற கம்ப்யூட்டரில்தான் திறக்கும். புது லாப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டார். ஐந்தும் நிறைந்துவிட்டன என்று வந்தது. செத்துப்போன லாப்டாப்பும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நீக்கும் பொத்தானை அழுத்தினார். டிசம்பர் 22 முதல் முயலலாம் என்று வந்தது.

"மிச்சம் நாலு இருக்கு பாய். ஒண்ணு கிடைச்சா போதும்," என்றார்.

கோயில் மண்டபத்துக் கம்ப்யூட்டரை ஜூன் மாதமே பழைய சாமான் எடுப்பவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஜூலியஸ் தன்னுடையதை மகனுக்குக் கொடுக்க, அவன் அதை ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து ரயிலில் தொலைத்துவிட்டான். செங்காங்கில் செரினா வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவள் லாப்டாப்பைத் துடைத்து மேசைமேல் தயாராக வைத்திருந்தாள். அண்ணன் திறந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். நான்கு நாளுக்கு முன்னால் அவள் தம்பி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தான். இப்போது கணக்குக்கு அது வேறு கம்ப்யூட்டர். பழைய அனுமதியை நீக்க வழியில்லை, அது பிடித்த இடமும் காலியாகவில்லை.

"அங்கிள், சாரி அங்கிள். தெரிஞ்சிருந்தா ஃபார்மட் பண்ண விட்டிருக்க மாட்டேன் லா," என்று செரினா அழுதாள். அண்ணன் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் என்னுடையதைப் பற்றிக் கேட்டார். நான் புதுசு வாங்கியது அவருக்குத் தெரியும், பழையது வீட்டில் கிடக்கும் என்று நினைத்திருந்தார். பக்கத்துக் கடைதானே, கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வேறு யாருடையதாவது கிடைத்துவிடும், சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்ற நப்பாசையில் வாயை மூடிக்கொண்டு கூடவே அலைந்தேன்.

"பிப்ரவரியிலேயே வித்துட்டேன்ணே. ஊருக்குப் போற ஆளு ஒருத்தரு அவசரமாக் கேட்டாரு."

"அனுமதிய எடுத்துட்டுத்தானே குடுத்தீங்க?"

விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் கொடுங்கள், ஒரு நிமிட வேலை என்று அனுமதி கொடுத்த அன்றைக்கே அவர் சொல்லியிருந்தார். அவர் கடை என் கடையிலிருந்து நான்கு எட்டு. அந்த நான்கு எட்டை நான் எடுத்து வைக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் நான் இறங்கி, கதவு மூடி, வண்டி கிளம்பும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

நிறுவனத்துக்கு ஒன்பது தடவை எழுதினார். விதி என்னவோ அதையே மரியாதையாகத் திருப்பி எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கருவி இரவல் கொடுத்தார்கள். அது யாரோ ஒரு பெண் குரலில் ஆங்கிலம் பேசியது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அண்ணன் அட்டையில் தமிழ் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு சொல் சேர்வதற்குள் அக்கா களைத்துவிடுவார்.

அதன் பிறகு எல்லாமே ஊகம்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். அக்கா கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாகமா, புழுக்கமா, கால் மரத்துவிட்டதா, வயிறு வலிக்கிறதா என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றால் கண்ணை மூட வேண்டும். அக்கா மூடவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாதி வந்து உடம்பைத் திருப்பினபோதுதான் தெரிந்தது, தலையணைக்கு அடியில் இடது காது மடிந்து நசுங்கிக் கிடந்தது. கன்றிச் சிவந்துவிட்டது. இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த அறையில் நிற்கவே வெட்கமாக இருந்தது. மறுபடி அந்த வீட்டுக்கு நான் போனது நவம்பர் 22ஆம் தேதி, அக்கா இறந்த அன்றுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டிசம்பர் 22. அண்ணன் கடையைத் திறந்ததும் தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். புது லாப்டாப்பில் அந்தப் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை ஒரு தகராறும் இல்லை. பாஸ்வேர்டு போட்டதும் அனுமதி கிடைத்தது. ஐந்தில் ஒன்று பயன்பாட்டில் உள்ளது என்று காட்டியது. பிறகு அக்காவின் பொத்தான்கள் வந்தன. அதிகம் தொட்டது எதுவோ அது மேலே நிற்குமாம். அவரால் தொட முடியவில்லை, என்னைத் தொடச் சொன்னார்.

"கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்க. வலிக்குது."

அக்காவின் குரல்தான், நோய்க்கு முந்திய தெளிவான குரல். அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அவர் எழுந்து, என் கடைக்குள் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரில் தன் பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும் பாய், நீங்க படம் பாருங்க," என்றார். "இனிமே எனக்கு எதுக்குக் காலி இடம்?"